இடது கைக்கு ஒரு காலுறை

ஒரு தொல்லை ஏன் வந்தது என்று தெரியாமலேயே அது போய்விட்டால், போய்விட்டது என்று நம்பி உட்காரலாமா? இதை நான் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் கேட்டேன். பால் பொங்கப் போகும் நேரத்தில் அடுப்பிடம்கூட வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

தொல்லை என்றது என் மகளின் திக்கலை. நேற்றுவரை தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி பேசிக்கொண்டிருந்த பெண், ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது "த... த... த..." என்று நின்றாள். தண்ணீர் கேட்கிறாள் என்று தெரிந்தும், டம்ளரை நீட்ட எனக்குக் கை வரவில்லை. சில மாதங்கள் அந்தத் திக்கல் எங்கள் வீட்டில் இருந்தது. பிறகு போய்விட்டது. இப்போது அவளுக்கு முதலாம் வகுப்புக்குப் போகும் வயது. அது மறுபடியும் வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. மற்றதெல்லாம் இந்தக் கவலைக்கு வந்து சேர்ந்த கதை.

இதில் வேடிக்கை, குழந்தைகளை எப்படி வளர்ப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்வதுதான் என் பகுதி நேர வேலை. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் எழுதுகிறேன். ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்து, ஒரு வருடம் டீச்சராக இருந்து, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தபோது, குழந்தைகளின் மனம் பற்றி நூலகத்தில் படித்ததை நாலு பக்கத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியர் படித்தார். மேசை மேலிருந்த கோப்பியை ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இந்த 'மனோதத்துவம்'ங்கிற வார்த்தை மட்டும் வேணாம்."

"ஏன் சார்? அதுதானே அதுக்குப் பேரு?"

"பேரு அதுதான். ஆனா அதைப் பாத்தா நம்ம ஆளுங்க பைத்தியத்துக்கு வைத்தியம்னு நினைச்சுக்கிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்க. குழந்தை அழுதுச்சுன்னு ஆரம்பிங்க. யாரா இருந்தாலும் நின்னு படிப்பாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. குழந்தை அழும்; பிறகு ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள்; கடைசியில் தாய்மாருக்கு ஒரு யோசனை. இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று ஒவ்வொரு வாரமும் யோசிப்பேன். யோசித்துவிட்டு எழுதிவிடுவேன்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் வாசித்துக் காட்டுவது வழக்கம். அண்ணி என் கணவரின் அக்கா. தன் கணவர் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கடைவீட்டு மாடியில் எங்கள் குடித்தனம். ஓர் அறையைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அண்ணி, அதற்கடுத்து வேறொரு குடும்பம். நாங்கள் தும்மினால் அவர்கள் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். நான் எழுதிய முதல் கட்டுரையில், குழந்தையைத் தனி அறையில் படுக்கவைத்து, கொஞ்சம் அழுதாலும் பரவாயில்லை என்று கதவைச் சாத்திவிடுங்கள் என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே தமிழில் போட்டிருந்தேன்.

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "எந்தக் கதவை?"

நான் பலகைத் தடுப்பைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அன்றிலிருந்து, வெள்ளைக்காரர் வீட்டுக்குப் பொருந்தி நம் வீட்டுக்குப் பொருந்தாத எது வந்தாலும் "எந்தக் கதவை?" என்பார். நானும் அடிப்பேன். என் கட்டுரைகள் கொஞ்சமாவது படிக்கும்படி இருந்ததற்கு அதுதான் காரணம்.

இனி மகளின் கைக்கு வருகிறேன். அவள் தவழ்ந்த காலத்திலிருந்தே எதை எடுத்தாலும் இடது கை. கிலுகிலுப்பை, பிஸ்கட், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, எல்லாம் இடது கை. முதலில் சிரித்தோம். பேச ஆரம்பித்து, வெளியே கூட்டிப்போக ஆரம்பித்த பிறகு சிரிப்பு குறைந்தது. கோயிலில் குருக்கள் திருநீற்றுத் தட்டை நீட்டினால் இவள் இடது கையை நீட்டுவாள். குருக்கள் பொறுமைசாலி. தட்டைப் பிடித்தபடியே நிற்பார். பின்னால் வரிசையும் நிற்கும். அண்ணி குனிந்து கையை மாற்றிவிடுவதற்குள் நாலு பேர் பார்த்துவிடுவார்கள்.

"அந்தக் கை இல்லடா கண்ணு, சோத்துக் கை."

"இதுலயும் சோறு சாப்பிடலாமே அத்தை?"

"சாப்பிட்டா அத்தை பக்கத்துல உக்கார மாட்டேன்."

ஒரு நாள் அண்ணி, என் கணவரின் காலுறை ஒன்றை எடுத்து அவள் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் ஒரு நூலால் கட்டிவிட்டார். செம்பவாங்கில் கப்பல் பட்டறை அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் சாம்பல் நிறக் காலுறை. முழங்கைவரை வந்தது. முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும். பிறகு சிலேட்டில் எழுதும்போதும். பெண் அழவில்லை. காலுறையை ஆட்டிக்காட்டி, "யானை தூங்குது" என்றாள். அதனால் பெரிய துன்பம் ஒன்றுமில்லை என்று எல்லாரும் நினைத்தோம். அண்ணி தம்பியை வளர்த்தவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் வளர்த்தவர். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு வளர்ப்பவள். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

யானை தூங்க ஆரம்பித்துச் சில வாரங்களில் "த... த... த..." வந்தது.

"மெதுவா சொல்லுடா, அவசரம் இல்ல" என்றார் அண்ணி. மெதுவாகச் சொல்லச் சொன்னால் இன்னும் அதிகமாக நின்றது. "சின்னப் பிள்ளைலா, போகப் போகச் சரியாகிடும்" என்றார் கணவர். அப்படிச் சொல்லிவிட்டு அவரே அவள் பேசும்போது செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்க்காமல் இருக்க முடிந்தால்தானே.

மகளையும் கைக்குழந்தையாயிருந்த அவள் தம்பியையும் அண்ணியிடம் விட்டுவிட்டு, ஸ்டாம்போர்டு சாலையிலிருக்கும் செங்கல் நிற நூலகத்துக்குப் பஸ் ஏறினேன். கட்டுரைக்காகத் தேடும்போது எதை வேண்டுமானாலும் நிதானமாகப் படிப்பேன். அன்று பக்கங்களைக் கிழிக்காத குறையாகப் புரட்டினேன். ஒரு கனமான புத்தகத்தில் இருந்தது. இடது கைப் பழக்கமுள்ள குழந்தையை வற்புறுத்தி வலது கைக்கு மாற்றினால், சிலருக்குத் திக்கல் வரக்கூடும் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதினார்களாம். எனக்கு அந்தக் காலுறைதான் கண்முன் நின்றது. அங்கேயே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். நல்ல வேளையாகப் பக்கத்தைத் திருப்பினேன். அப்படி ஒரு தொடர்பைத் தேடிப் பார்த்து, காணவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பேசக் கற்கும் வயதில் பல குழந்தைகள் திக்குவதுண்டு, பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்பது அவர்கள் கட்சி.

இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் பக்கம் சரி என்றால் காலுறையைக் கழற்ற வேண்டும். இரண்டாம் பக்கம் சரி என்றால், கழற்றினால் நஷ்டமில்லை. எப்படிப் பார்த்தாலும் கழற்றுவதுதான் முறை. இவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் நான் எதையும் யோசித்ததில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அந்தத் தெளிவு போய்விட்டது. அண்ணியிடம் எப்படிச் சொல்வது? 'ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்' என்று ஆரம்பித்தால் 'எந்தக் கதவை?' என்று முடித்துவிடுவார்.

மறுநாள் காலை அவர் கீழே கடை வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் கோலம் போடப் போனபோது, நானும் பிள்ளைகளோடு இறங்கினேன். அண்ணி கோலம் போடும்போது பேசிக்கொண்டேதான் போடுவார். முந்தைய நாள் தண்ணீர்க் குழாயடியில் நடந்த சண்டை முழுவதும் கோலம் முடிவதற்குள் நமக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணி, இன்னிக்கு இடது கையால போட்டுப் பாருங்களேன்."

"ஏன், வலது கை என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒரு சோதனை. பேப்பருக்கு எழுதணும்."

"பேப்பருக்கா?" உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "போட்டோ எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. சண்டையையும் சொல்லிக்கிட்டே போடுங்க."

மாவை இடது கையில் எடுத்தார். புள்ளிகள் ஒருவழியாக விழுந்தன. "அந்த மலாக்காக்காரி வாளியை வச்சுட்டுப் போயிட்டா. உடனே மேல் வீட்டுக்காரி வந்து அதை... அதை என்ன செஞ்சான்னா... இரு. அவ... அந்த வாளிய..." கோடு வளைய வேண்டிய இடத்தில் நேராகப் போயிற்று. "அவ... கொஞ்சம் சும்மா இரு, கை ஓட மாட்டேங்குது."

"நான் ஒண்ணும் பேசலையே அண்ணி."

"அப்ப நான்தான் பேசாம இருக்கேனா?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். கோலத்தைப் பார்த்தார். பக்கத்தில் குந்திக்கொண்டு காலுறைக் கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். நான் பஸ்ஸிலேயே ஒரு சிறு சொற்பொழிவு தயாரித்து வைத்திருந்தேன்.

"இவளுக்கும் இப்படித்தான் இருக்குமோ?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி. இருக்கலாம்."

அவ்வளவுதான். சொற்பொழிவு வீணாய்ப் போயிற்று. அண்ணி நூலை அவிழ்த்தார். அப்போது கடையைத் திறக்க வந்த பக்கத்துக் கடைச் சீனத் தையல்காரர், கோலத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யார் போட்டது, பாப்பாவா என்று மலாயில் கேட்டார். அண்ணி காலுறையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார் என்னிடம். "எழுதுறது, விளையாடுறது எல்லாம் அவ இஷ்டம். சாப்பாடும் சாமியும் சோத்துக் கைதான். அதுல நான் விட மாட்டேன்."

"சரி அண்ணி." எனக்கும் அதுதான் விருப்பம். சாப்பாட்டுக்கு இடது கை என்பது என் மூளையிலேயே வராத விஷயம்.

சாயங்காலம் காலுறை துவைத்துக் கொடியில் தொங்குவதைப் பார்த்த என் கணவர், "அப்பாடா, இவ்வளவு நாளா ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சாம்பல்னு போட்டுக்கிட்டு ஆபீஸ்ல காலை மேசைக்கு அடியில மறைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன். "அக்காகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

இதையெல்லாம் வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். இரண்டு பக்கத்தையும் எழுதினேன், இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று. அண்ணியிடம் வாசித்தேன். 'எந்தக் கதவை?' வரவில்லை. ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் பேனாவை மூடாமலே படித்தார்.

"நடுவுல ஒரு பத்தி இருக்கே, 'இல்லை என்போரும் உண்டு'ன்னு. அது எதுக்கு?"

"அதுதான் சார் உண்மை. இன்னும் முடிவாகலை."

"அம்மா, 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்'னு சொல்ற டாக்டர்கிட்ட யாராவது போவாங்களா? ஒண்ணு சொல்லுங்க, திடமா சொல்லுங்க."

ஆசிரியர், பெரியவர், நாற்பது வருஷம் பத்திரிகை நடத்தியவர். நான் தலையாட்டினேன். அந்த வாரம் கட்டுரை வந்தது. 'இடது கைக் குழந்தையை மாற்றாதீர்கள்! திக்குவாய் வரும்!' என்று தலைப்பு, இரண்டு ஆச்சரியக்குறிகளோடு. அந்தப் பத்தி இல்லை. அண்ணி தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை தேக்கா பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். கூடையோடு ஓர் அம்மா எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"பேப்பர்ல எழுதுற அம்மா நீங்கதானே?"

எனக்கு முன்னால் அண்ணி பதில் சொன்னார். "ஆமா, என் தம்பி சம்சாரம்தான்."

"ரொம்ப நல்லா எழுதுறீங்க. எங்க வீட்டுல நாலு நாளா யாரும் யாரோடயும் பேசுறதில்ல."

மீன்காரர் கத்தியை நிறுத்திவிட்டார். அந்த அம்மா சொன்னது இது. அவருடைய மகனும் இடது கைக்காரன். வீட்டுக்காரர் கட்டுரையைச் சத்தமாக வாசித்து, இனிமேல் பையன் இஷ்டம், யாரும் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அந்த வாரமே சொந்தத்தில் கல்யாணம். பந்தியில் பையன் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்திருக்கிறான்.

"எங்க மாமனார் இலையை விட்டு எந்திரிச்சுட்டாரு. பந்தியே பாக்குது. ஏண்டா இப்படின்னு கேட்டா, 'பேப்பர்ல போட்டிருக்கு தாத்தா'ங்கிறான்!"

மீன்காரர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது எழுதியிருந்தால். அண்ணி விடவில்லை. "பேப்பர்ல சாப்பாட்டைப் பத்தி எங்கம்மா போட்டிருந்துச்சு?"

"சாப்பாட்டுக்குக் கிடையாதுன்னும் போடலையே!"

அண்ணிக்கு வாயடைத்துப் போனது அன்று ஒரு நாள்தான் (கோலத்தைச் சேர்க்காமல்). அந்தப் புத்தகத்தை எழுதியவர் முள்கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிடுகிறவர். அவர் ஊரில் கை என்றால் கை. ஒன்று சோற்றுக்கு, ஒன்று மற்றதற்கு என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு என்று அவருக்கு யார் சொல்வார்கள்? அவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கோ அது எழுதவே தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த விஷயம். அண்ணிக்கும் அப்படியே. மூன்று பேரும் மூன்று காரணத்துக்காக விட்டுவிட்ட ஒரு வரி, ஒரு கல்யாணப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் இன்று வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அதை விடுங்கம்மா. இவனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கான். அவனும் இப்படித்தான் இருந்தான். போன வருஷம் நாங்கதான் அடிச்சு வலது கைக்கு மாத்தினோம். இதுவரைக்கும் நல்லாத்தான் பேசுறான். இனிமே திக்குவாய் வருமா?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"வரும்னு எழுதினீங்களே?"

அவர் முகம் எனக்குத் தெரிந்த முகம். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு உட்காருபவரின் முகம். வராது என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக மீன் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அப்படிச் சொல்லவும் எனக்குத் தெரியாது. முடிவாக யாருக்கும் தெரியாது, வரவே வராது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பத்தி அச்சில் வராமல் போய்விட்டது என்று மீன் நாற்றத்தில் நின்றுகொண்டு விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். "அதையும் போட்டிருக்கலாம்லா" என்றார் கடைசியில்.

திங்கட்கிழமை பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஆசிரியருக்குத் திருத்தம் என்ற சொல்லே பிடிக்கவில்லை.

"போன வாரம் வரும்னோம். இந்த வாரம் தெரியாதுன்னா, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"சார், அந்த அம்மா நல்லாப் பேசுற பிள்ளையோட வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நம்ம தலைப்பைப் படிச்சுட்டு."

அவர் கோப்பியைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார். "எப்படி எழுதுவீங்க? குழந்தை அழுதுச்சுன்னா?"

"அண்ணி கோலம் போட்டாங்கன்னு ஆரம்பிக்கிறேன் சார்."

அப்படியே எழுதினேன். நாளைக் காலை மற்றக் கையால் கோலம் போடுங்கள், போட்டுக்கொண்டே நேற்று நடந்ததை யாருக்காவது சொல்லுங்கள், பேச்சு என்ன ஆகிறது என்று பாருங்கள் என்றேன். இது எதையும் நிரூபிக்காது, பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளத்தான் என்றும் எழுதினேன். பிறகு தயிருக்கு வந்தேன். தயிர் உறையாவிட்டால் பால் மேல் பழியா, மோர் மேல் பழியா, மழை மேல் பழியா? தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு கிண்ணம் வைக்க வேண்டும். எல்லாம் ஒன்று போல, ஒன்றே ஒன்று மட்டும் வேறு. ஆராய்ச்சியாளர்கள் பல குழந்தைகளை வைத்து அப்படித்தான் பார்க்க முயல்கிறார்கள். கிண்ணங்களைப் போலக் குழந்தைகள் சொன்னபடி இருப்பதில்லை, அதனால்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை. என்னிடமோ காலுறை போட்ட மகள் ஒருத்தி, போடாத மகள் ஒருத்தி என்று இரண்டு பேர் இல்லை. கடைசியில், சாப்பாட்டுக் கையைப் பற்றி எந்த ஆராய்ச்சியும் உங்கள் வீட்டில் தலையிடவில்லை என்று தனிப் பத்தியில், கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். ஆசிரியர் ஒரு வரியும் வெட்டவில்லை. 'மனோதத்துவம்' மட்டும் நானே போடவில்லை.

அந்த வாரம் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் சில வாசல்களில் கோலம் கோணலாக இருந்தது. அண்ணி காய்கறிப் பையோடு ஒவ்வொன்றாக நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"நம்மளுது பரவாயில்ல" என்றார்.

மகளின் திக்கல் எந்த நாளில் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சமூக மன்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வந்த புதிதில், அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்து, பெட்டிக்குள் ஆள் பாடினது, ஆள் விழுந்தது, எல்லாரும் கைதட்டினது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பாதியில்தான் எனக்கு உறைத்தது, எங்கேயும் நிற்கவில்லை என்று. ஆனால் அதற்குள் எத்தனையோ மாறியிருந்தன. காலுறை போயிருந்தது. அண்ணி 'மெதுவா சொல்லு' என்பதை விட்டிருந்தார். தம்பிப் பயல் நடக்கத் தொடங்கி, என் இடுப்பிலிருந்து இறங்கியிருந்தான். அவளுக்கும் சில மாதம் வயது கூடியிருந்தது. இதில் எது காரணம்? அல்லது எதுவுமே இல்லையா? அண்ணியைக் கேட்டால், தான் நூலை அவிழ்த்ததுதான் என்பார். கணவரைக் கேட்டால், தான் முதல் நாளே சொன்னதுதான் என்பார்.

போன மாதம் முதலாம் வகுப்பில் பதிய அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆசிரியை சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். என் மகள் இடது கையில் பென்சிலைப் பிடித்து, அழகாகவே எழுதினாள்.

"இடது கையா? பரவாயில்லைங்க, மாத்திடலாம். ரெண்டு ரெண்டு பேரா உக்காருறாங்க, பக்கத்துப் பிள்ளை முழங்கையை இடிக்கும். அப்புறம் மைப்பேனா வந்தா எழுத எழுதக் கை அழிச்சுடும். எத்தனையோ பிள்ளைங்களை மாத்தியிருக்கோம்."

"அவளுக்கு முன்ன கொஞ்சம் திக்கல் இருந்துச்சு டீச்சர். மாத்தினா மறுபடியும் வந்துடுமோன்னு..."

அவர் முகம் மலர்ந்தது. "நீங்கதானே பேப்பர்ல எழுதுறது! நான் விடாமப் படிப்பேன். அதெல்லாம் முடிவாத் தெரியாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!"

நான் எழுதியது உண்மை. அவர் படித்ததும் சரியாகத்தான் படித்திருக்கிறார். இவ்வளவு கவனமாகப் படிக்கும் ஒரு வாசகி வேண்டும் என்றுதானே இத்தனை நாள் ஆசைப்பட்டேன். மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் ஓரத்துல உக்காந்தா இடிக்காதே" என்றாள். திக்காமல் சொன்னாள். ஆசிரியை சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "முதல்ல போட்டதையே விட்டிருக்கலாம். ஆச்சரியக்குறியோட" என்றார் அண்ணி. கணவர், பள்ளிக்கூடத்தில் ஒன்று சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் நல்லது என்றார். அடுத்த நாளே, இல்லை, நீ போய் இன்னொரு தடவை பேசு என்றார். நான் இரண்டு பேர் சொன்னதற்கும் சரி என்றேன். ஆசிரியை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கையால் எழுத, இவள் மட்டும் வேறு கையால் எழுதி, கேலிப் பேச்சிலேயே திக்க ஆரம்பித்துவிட்டால்? மாற்றச் சொல்லி, அதனால் திக்க ஆரம்பித்துவிட்டால்? நினைத்தால் இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருக்கிறது. ஒன்றைத் திடமாகச் சொல்லுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் அன்று கேட்டது எனக்கு இப்போதுதான் புரிகிறது. கேட்கிற இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

ஆகவே இந்த ஒரு தடவை, யோசனை சொல்லும் வேலையை உங்களிடம் விடுகிறேன். சிறு வயதில் கையை மாற்றப்பட்டவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். மாற்றியபோது எப்படி இருந்தது? பேச்சில் ஏதாவது வந்ததா, வரவில்லையா? எதுவும் வரவில்லை என்றாலும் எழுதுங்கள், அப்படி எழுதுகிறவர்கள்தான் எனக்கு அதிகம் வேண்டும்; நன்றாக இருப்பவர்கள் பேனாவை எடுப்பதே இல்லை. மாற்ற மறுத்துப் பள்ளியில் பேசிய தாய்மார் யாராவது இருந்தால், ஆசிரியையின் மனம் நோகாமல் என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். ஆசிரியைகளும் சொல்லலாம், என் பக்கம்தான் பேச வேண்டும் என்றில்லை. பள்ளி ஜனவரியில் திறக்கிறது. அதற்கு முன்பே எழுதினால் உதவியாக இருக்கும்.